தொப்பையைப் பார்த்து ஊசி வாங்காதீர்கள்: இன்சுலினும் தோலடிக் கொழுப்பும்

அப்பாவுக்கு இன்சுலின் தொடங்கி நாலாவது வருடம். காலையில் 24 யூனிட்டில் ஆரம்பித்த அளவு மெல்ல மெல்ல ஏறி 38க்கு வந்திருந்தது. அப்படியும் சர்க்கரை ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருநாள் வெறும் வயிற்றில் 240. மறுநாள் அதே இட்லி, அதே நடை, ஆனால் பதினொரு மணிக்கு 58க்கு இறங்கி வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மருந்துக் கடையைச் சந்தேகப்பட்டோம், பிரிட்ஜைச் சந்தேகப்பட்டோம், அப்பா ரகசியமாக அல்வா சாப்பிடுகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டோம்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு வலப்பக்கம் விரல்களால் தடவிப் பார்த்தார். "சார், தினமும் இங்கேயேதான் போட்டுக்கிறீங்களா?" என்றார். "ஆமாம்மா, அங்கதான் வலிக்காது" என்றார் அப்பா. அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை அளவுக்குத் தடிப்பு இருந்தது. நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அப்பா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "எனக்குத் தொப்பை பெருசு. மருந்து கொழுப்புலேயே மாட்டிக்குதோ? நீளமான ஊசி வாங்கணுமோ?" கேள்வியின் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தவறு. ஏன் என்று பார்த்துவிட்டு, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் உங்கள் டாக்டரின் வேலை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் நம் கையில் இருப்பவை.

எந்தக் கொழுப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. தோலுக்குக் கீழே, தசைக்கு மேலே இருப்பது ஒன்று. கிள்ளினால் கையில் வருவது அதுதான். இன்னொன்று தசைக்கும் உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருப்பது. அதைக் கிள்ள முடியாது. சிலருடைய தொப்பை கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கும், கிள்ளப் பார்த்தால் தோல்கூடச் சரியாகப் பிடிபடாது. அவர்களுக்குப் பெரும்பகுதி உள்கொழுப்பு.

இன்சுலின் ஊசி போய்ச் சேருவது முதல் வகையில். இன்சுலினை வேலை செய்யவிடாமல் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், மருந்து கேட்கவில்லை என்றவுடன் ஊசி எட்டவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையுமே போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒரே எண்: 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இரண்டு பேரையும் ஒன்று என்கிறது, உடம்பு அப்படி இல்லை. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று கணக்கிடுவது இதனால்தான். பார்க்க ஒல்லியாக இருக்கும் பெரியப்பாவுக்கு ஏன் இவ்வளவு இன்சுலின் தேவைப்படுகிறது என்று வியப்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. அதே பெரியப்பாவின் தொடையில் தோலடிக் கொழுப்பு மிக மெல்லியதாக இருக்கலாம், அங்கே நீள ஊசி போட்டால் நேராகத் தசைக்குள் போய்விடும்.

தோலுக்குக் கீழே என்ன நடக்கிறது

2010இல் அமெரிக்காவில் சர்க்கரை நோயுள்ள 388 பேருக்கு ஊசி போடும் நான்கு இடங்களிலும் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தோலின் தடிமனையும் அடிக்கொழுப்பின் தடிமனையும் அளந்தார்கள். தோலின் சராசரித் தடிமன் தொடையில் 1.9 மி.மீ., கையிலும் வயிற்றிலும் 2.2, பின்புறத்தில் (பிட்டத்தில்) 2.4. ஒல்லி, குண்டு, ஆண், பெண், இனம் என்று யாராக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பி.எம்.ஐ. 10 புள்ளி கூடினால்கூடத் தோல் தடிப்பது 0.2 மி.மீ. மட்டுமே.

கொழுப்பு அடுக்கு அப்படி இல்லை. சராசரியாகத் தொடையில் 10.4 மி.மீ., கையில் 10.8, வயிற்றில் 13.9, பின்புறத்தில் 15.4. பெண்களுக்கு ஆண்களைவிட 5 மி.மீ. அளவுக்கு அதிகம். பி.எம்.ஐ. 10 கூடினால் 4 மி.மீ. கூடுகிறது.

இந்த எண்களை வைத்து யோசித்துப் பாருங்கள். ஊசி கடக்க வேண்டியது தோலை மட்டும்தான். தோலோ எல்லோருக்கும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். 4 மி.மீ. ஊசி அதைத் தாண்டிக் கொழுப்புக்குள் போய்விடும், 50 கிலோ ஆளுக்கும் 110 கிலோ ஆளுக்கும். குண்டானவர்களுக்குக் கொழுப்பு ஆழமாக இருக்கிறது, அவ்வளவுதான். கிணறு ஆழம் என்பதற்காக வாளியை அடிமட்டம் வரை இறக்க வேண்டியதில்லை, தண்ணீரைத் தொட்டால் போதும்.

சரி, போய்ச் சேர்ந்த இன்சுலின் என்ன ஆகிறது? சாதாரண மனித இன்சுலின் பாட்டிலில் இருக்கும்போது ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கொத்து பெரியது, ரத்த நுண்குழாய்க்குள் எளிதில் நுழையாது. கொழுப்புக்குள் இறங்கியபின் சுற்றியிருக்கும் நீரில் கரைந்து, கொத்து உடைந்து, ஒன்றும் இரண்டுமாகப் பிரிந்த பிறகுதான் ரத்தத்தில் ஏறும். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது இந்தக் கொத்து உடையும் நேரத்துக்காக. 1996இல் வந்த லிஸ்ப்ரோ என்ற இன்சுலினில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்தார்கள், அதனால் கொத்து சட்டென்று உடைந்துவிடுகிறது. சாப்பிட உட்காரும்போதே போடலாம்.

கொழுப்பின் பங்கு இங்கேதான் வருகிறது. கொழுப்பு அடுக்கு தடிக்கத் தடிக்க, அதன் ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கும் ரத்த ஓட்டம் குறைகிறது. பேருந்து அடிக்கடி வராத நிறுத்தத்தில் கூட்டம் நிற்பது போல மருந்து காத்திருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இன்சுலின் உறிஞ்சப்படுவது மெதுவாகிறது, அதன் வேலை உச்சத்துக்கு வருவது தள்ளிப் போகிறது, அடங்கவும் அதிக நேரம் பிடிக்கிறது. மருந்து காணாமல் போய்விடுவதில்லை, தாமதமாக வருகிறது. அப்பா சொன்ன "கொழுப்புல மாட்டிக்குது" என்பதில் இவ்வளவு உண்மை உண்டு. நீள ஊசி இதை மாற்றாது, ஏனென்றால் 4 மி.மீ. ஆழமும் கொழுப்புதான், 8 மி.மீ. ஆழமும் கொழுப்புதான். பருமனான நோயாளிகளிடமே 4 மி.மீ. ஊசியையும் 8, 12.7 மி.மீ. ஊசிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. சர்க்கரைக் கட்டுப்பாடு ஒன்றாகவே இருந்தது.

படி 1: கிள்ளிப் பாருங்கள்

தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெதுவாகத் தூக்குங்கள். பிறகு தொடையின் முன்-வெளிப்பக்கம், அப்புறம் மேல்கையின் பின்பக்கம். எங்கே தாராளமாக வருகிறது, எங்கே தோல் மட்டும் வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தாராளமாக வரும் இடத்தில் 4 மி.மீ. ஊசியை நேராகக் குத்தலாம், தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெல்லியதாக வரும் இடத்தில் தூக்கிப் பிடித்துத்தான் போட வேண்டும். உள்ளங்கை முழுவதையும் வைத்து அள்ளிப் பிடிக்காதீர்கள், அப்படிப் பிடித்தால் தசையும் சேர்ந்து மேலே வரும்.

படி 2: தடவிப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பார்த்தவரை எல்லோரும் தவறவிடுவது இதைத்தான்.

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு கொழுப்புச் செல்களை வளர்க்கவும் செய்யும். ஒரே இடத்தில் தினமும் போட்டால் அங்குள்ள செல்கள் பருத்து, நார்த்திசுவும் சேர்ந்து, ரப்பர் போன்ற தடிப்பாகிவிடும். மருத்துவர்கள் இதை லிப்போஹைப்பர்ட்ரோபி என்பார்கள். நாம் கொழுப்புத் தடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே குத்தினால் வலி குறைவு. அதனால் நோயாளி திரும்பத் திரும்ப அங்கேயே போவார், தடிப்பும் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்பா மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

2013இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில் 430 பேரைத் தடவிப் பார்த்தார்கள். 64 சதவீதம் பேருக்குத் தடிப்பு. தடிப்பு இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியாமல் சர்க்கரை தாழ்ந்திருந்தது, தடிப்பு இல்லாதவர்களில் அது 6 சதவீதம் மட்டுமே. ஒரு நாளைக்குப் போட்ட இன்சுலின் தடிப்புள்ளவர்களுக்குச் சராசரி 56 யூனிட், மற்றவர்களுக்கு 41. தினமும் 15 யூனிட் வித்தியாசம். மாதத்துக்கு எத்தனை பாட்டில், எவ்வளவு பணம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தடிப்பில் போட்ட மருந்து எப்போது ரத்தத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. இன்று பாதி வரும், நாளை மொத்தமாக வரும். மேலே சொன்ன 240, 58 ஆட்டத்தின் கதை அதுதான். வயிற்றில் பரவலாக இருக்கும் சாதாரணக் கொழுப்பு மருந்தைத் தாமதப்படுத்தும், ஆனால் ஏறக்குறைய ஒரே மாதிரி தாமதப்படுத்தும், டாக்டர் அதற்கேற்ப அளவு வைத்துவிடலாம். தடிப்புக்கு எந்த ஒழுங்கும் கிடையாது.

பார்க்கும் முறை எளிது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனிகளைத் தட்டையாக வைத்து, லேசாக அழுத்தி, வட்டமாகத் தடவிக்கொண்டே போங்கள். சோப்பில் விரல் வழுக்குவதால் சின்னத் தடிப்பும் தெரியும். சந்தேகமான இடத்தைக் கிள்ளுங்கள். நல்ல தோல் மெல்லிய மடிப்பாக வரும். தடிப்புள்ள இடம் மடியாது, கெட்டியாகத் தள்ளும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி கண்ணாடி முன் நின்றால் சில தடிப்புகள் கண்ணுக்கே தெரியும், ஆனால் பல தடிப்புகள் கைக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை போதும். கிடைத்த தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சிலருக்கு நேர்மாறாக, ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து பள்ளம் விழும். சுத்திகரித்த மனித இன்சுலின் வந்தபின் இது அரிது. பள்ளத்திலும் போடக் கூடாது.

படி 3: ஊசியின் நீளம்

இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசிக் கருவி) வைத்திருந்தால் 4 மி.மீ. ஊசி கேளுங்கள். பெரும்பாலோருக்கு அதுதான் சரி. கடையில் 6 அல்லது 8 மி.மீ.தான் இருக்கிறது என்றால் வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் போடும் விதம் மாறும். 6 மி.மீ. என்றால் மெலிந்தவர்கள் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 8 மி.மீ. என்றால் தூக்கிப் பிடித்து 45 டிகிரி சாய்த்துப் போடுவது பாதுகாப்பு.

தசைக்குள் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். தசையில் ரத்த ஓட்டம் அதிகம். மருந்து வேகமாக ஏறும், தசை வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். தொடையில் ஆழமாகப் போட்டுவிட்டு உடனே நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர் பாதி வழியில் தலைசுற்றி நிற்பது இப்படித்தான். நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்ய வேண்டிய கிளார்ஜின் போன்ற நீண்டகால இன்சுலினும் தசையில் போனால் எதிர்பாராமல் சீக்கிரம் வேலை செய்துவிடும்.

சிரிஞ்சு பயன்படுத்துபவர்களுக்கு ஒரு பக்கப் பேச்சு. கொழுப்போடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. இந்தியாவில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா கார்ட்ரிட்ஜ் யு-100, ஒரு மி.லி.யில் 100 யூனிட். யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. யு-40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. தலைகீழாக, யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் 50 யூனிட். இரண்டாவது உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

படி 4: இடம்

ரெகுலர் இன்சுலின் வயிற்றில் வேகமாக உறிஞ்சப்படும், கையில் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக, தொடையில் இன்னும் மெதுவாக, பின்புறத்தில் எல்லாவற்றையும்விட மெதுவாக. எனவே சாப்பாட்டுக்கு முன் போடும் ரெகுலருக்கு வயிறு. இரவு போடும், கலங்கலாக இருக்கும் என்.பி.எச். வகைக்குத் தொடை அல்லது பின்புறம் நல்லது, நடு இரவில் சர்க்கரை தாழும் அபாயம் குறையும். லிஸ்ப்ரோ, கிளார்ஜின் போல மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றிச் செய்த புதிய அனலாக் வகைகளுக்கு இடத்தால் வரும் வித்தியாசம் குறைவு, உங்களுக்கு வசதியான இடத்தில் போடலாம்.

எந்த நேரத்துக்கு எந்தப் பகுதியோ அதை மாற்றாதீர்கள், அந்தப் பகுதிக்குள் குத்தும் புள்ளியை மட்டும் மாற்றுங்கள். காலையில் வயிறு என்றால் தினமும் காலையில் வயிறுதான். இன்று வயிறு, நாளை தொடை என்று தாவினால் மருந்தின் வேகமும் தாவும், எண்களைப் பார்த்து டாக்டருக்கும் ஒன்றும் புரியாது.

மேல்கையில் தானே போட்டுக்கொள்பவர்கள் கவனம். தோலைத் தூக்கவும் ஊசியைக் குத்தவும் இருப்பது மறு கை ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஆண்களுக்குக் கையில் கொழுப்பும் குறைவு. வேறொருவர் போட்டுவிட்டால் பரவாயில்லை, இல்லையென்றால் நான் கையை விட்டுவிடச் சொல்வேன்.

படி 5: சுற்றிச் சுற்றிப் போடுவது

தொப்புளை நடுவில் வைத்து வயிற்றை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். ஒரு வாரம் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒவ்வொரு ஊசியும் முந்தையதிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே புள்ளிக்குத் திரும்பி வர நான்கு வாரம் ஆகும்படி பார்த்துக்கொண்டால் தடிப்பு வர வாய்ப்பு மிகவும் குறைவு. தொடையில் போடுபவர்கள் இரண்டு தொடையையும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அப்பாவின் வயிற்றை வட்டமாக வரைந்து ஒட்டினோம். பேரன் அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டான். தினமும் ஒரு புள்ளி வைக்கிறார்.

பருமனாக இருப்பதில் ஒரே ஒரு வசதி, சுற்றிப் போட இடம் நிறைய இருக்கிறது. அப்படி இருந்தும் பலர் உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஊசியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்களுக்குத் தடிப்பு அதிகம் வருகிறது. விலையைப் பார்த்து நான்கைந்து நாள் ஓட்டுபவர்கள் நம் ஊரில் ஏராளம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்தபட்சம் குத்தும் புள்ளியையாவது மாற்றிப் போடுங்கள்.

படி 6: போடும் விதம்

இன்சுலினை பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் போடாதீர்கள், குளிர்ந்த மருந்து எரியும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் வெளியிலேயே 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். சில வகைகளுக்கு நாள் மாறும், அட்டையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நம் வீடுகள் 30ஐத் தாண்டும், அப்போது பிரிட்ஜ் கதவுப் பக்கம்தான் இடம். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்த மருந்து வீண்.

கலங்கல் வகை என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்துக் கலக்குங்கள். குலுக்க வேண்டாம். பேனாவில் புது ஊசி மாட்டி 2 யூனிட் வெளியே தள்ளி, துளி வருகிறதா என்று பாருங்கள். குத்துங்கள், பொத்தானை முழுவதும் அழுத்துங்கள், பத்து எண்ணுங்கள், பிறகு எடுங்கள். தோலைத் தூக்கிப் பிடித்திருந்தால் ஊசியை எடுத்தபின்தான் விட வேண்டும். எடுத்தவுடன் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உறிஞ்சும் வேகம் கூடும். வேட்டி, நைட்டி மேலாகக் குத்துபவர்கள் உண்டு. துணிக்கு மேலே தடிப்பும் தெரியாது, ஆழமும் தெரியாது.

வெந்நீர்க் குளியலும் வெயிலும் உடற்பயிற்சியும் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை வேகமாக ஏற்றும். புகைபிடிப்பது ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தாமதப்படுத்தும்.

படி 7: அளவு பெரிதாக இருந்தால்

உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஒரே வேளையில் 50, 60 யூனிட் தேவைப்படுவது சகஜம். பெரிய அளவு பெரிய குட்டையாகத் தேங்கும். கொள்ளளவோடு ஒப்பிட்டால் குட்டையின் ஓரப்பரப்பு குறைவு, அதனால் மெதுவாகவே வடியும். தடித்த கொழுப்பும் பெரிய குட்டையும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும். அதே அளவை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் போடச் சொல்வது இதற்காகத்தான். செறிவு கூடிய இன்சுலின் வகைகளும் இருக்கின்றன. இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

படி 8: தடிப்பிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும் வாரம்

தடிப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உற்சாகத்தில் நாளை காலையே அதே 38 யூனிட்டை நல்ல இடத்தில் போட்டுவிடாதீர்கள். இதுவரை பாதி வீணாகிக்கொண்டிருந்த மருந்து இனி முழுதாக வேலை செய்யும். சர்க்கரை சரசரவென்று இறங்கும். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் அளவைக் குறைத்துத் தருவார். பலருக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. அப்பாவுக்கு 38லிருந்து 28க்கு வந்தது.

அந்த ஒன்றிரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள், படுக்கும் முன்னும் பாருங்கள். 70க்குக் கீழே போனால், அல்லது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

தடிப்பு உள்ள இடத்தை மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் மெல்லக் கரையும். அப்பாவுக்கு முழுதாகப் போகவில்லை, பாதியாகிவிட்டது.

உடம்பு மாறும்போது

எடை குறைந்தால் இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கும். உள்கொழுப்பு கரைவதால் இன்சுலின் தேவை குறையும். தோலடிக் கொழுப்பு மெலிவதால் பழைய 8 மி.மீ. ஊசி தசையைத் தொட ஆரம்பிக்கும். ஐந்தாறு கிலோ குறைந்தாலே முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். வயதானவர்களுக்குத் தொடை, கைகளில் கொழுப்பு வற்றியிருக்கும், வயிறே நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு 4 மி.மீ. ஊசியானாலும் தோலைத் தூக்கிப் பிடித்துத்தான். கர்ப்பிணிகள் வயிற்றில் போடலாமா என்று பயப்படுகிறார்கள். 4 மி.மீ. ஊசி குழந்தையை எட்டாது. வயிறு இறுகும் மாதங்களில் விலாப்பக்கமாக நகர்ந்து, தோலைத் தூக்கிப் போட்டால் போதும்.

இன்சுலின் அல்லாத ஹார்மோன்கள்

குழந்தைக்கான சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முட்டை முதிர வயிற்றில் போடும் எஃப்.எஸ்.எச். ஊசியில் எடை நேரடியாகக் கணக்குக்கு வரும். உடல் எடை கூடினால் ரத்தத்தில் அந்த ஹார்மோனின் செறிவு குறையும். ஃபாலிட்ரோபின் டெல்டா என்ற வகையின் அளவையே எடையையும், சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளைக் கணிக்க உதவும் ஏ.எம்.எச். பரிசோதனை முடிவையும் வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். முட்டையை வெளியேற்ற நேரம் குறித்துப் போடும் எச்.சி.ஜி. ஊசியிலும் பருமனான பெண்களுக்கு ரத்த அளவு குறைவாக வருகிறது. சரியான எடையை மருத்துவமனையில் சொல்லுங்கள், கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்ல வேண்டாம்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி, எண்ணெயில் கரைந்த மருந்து. தோலுக்கடியில் போடும் தானியங்கி ஊசிக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. இங்கே கொழுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடினால் இந்த மாற்றமும் கூடும், எனவே ரத்தப் பரிசோதனை முக்கியம்.

எடைக் குறைப்புக்காக எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு, குடல் ஹார்மோன் ஒன்றின் சாயலில் செய்த மருந்து. வாரம் ஒருமுறை. ரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் தங்குவதால், வயிறா தொடையா என்ற சில மணி நேர வித்தியாசம் பொருட்டே இல்லை. எடை கூடினால் ரத்தச் செறிவு குறையும் என்பது இதற்கும் உண்டு. குழந்தைகளுக்கான வளர்ச்சி ஹார்மோன் ஊசியில், ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு கரைந்து பள்ளம் விழுவதைப் பார்க்கலாம். சுற்றிப் போடும் விதி அங்கேயும் அதேதான்.

டாக்டரிடம் போகும்போது

குத்திய இடம் சிவந்து சூடாகி சீழ் வைத்தால், அல்லது காரணமில்லாமல் சர்க்கரை 70க்குக் கீழே திரும்பத் திரும்பப் போனால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

சாதாரண செக்கப்புக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பேனாவையும் ஊசி டப்பாவையும் எடுத்துப் போங்கள். கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் எண்களை மட்டும் பார்த்துவிட்டு "நாலு யூனிட் ஏத்திக்கோங்க" என்று எழுதப் பேனாவை எடுப்பார். அந்த நேரத்தில், "சார், ஊசி போடற இடத்தை ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க" என்று சொல்லிச் சட்டையைத் தூக்குங்கள்.